பம்புக்கு முன்னா, பின்னா? டூராமேக்ஸ் எல்.பி.7 பிக்கப்பின் டீசல் ஃபில்டர் மாற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

டீசல் பிக்கப்பில் ஃபில்டர் அமைப்பை மாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் மைக்ரானில்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தொடங்குவார்கள். 10 மைக்ரானா, 4 மைக்ரானா, 2 மைக்ரானா? ஃபில்டர் எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. அந்த நினைப்பு எங்கே இடிக்கும் என்று பார்க்க டூராமேக்ஸ் எல்.பி.7 எஞ்சினைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

2001 மாடல் செவ்ரலே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா ஹெவி டியூட்டி பிக்கப்புகளில் வந்த 6.6 லிட்டர் வி8 டீசல் எஞ்சின் இது. ஜெனரல் மோட்டார்ஸும் இசுசூவும் சேர்ந்து ஒஹாயோ மாநிலத்து மொரெய்ன் நகரில் நடத்திய டிமேக்ஸ் ஆலையில் தயாரானது. (ஸ்ரீசிட்டியில் இசுசூ செய்கிற டி-மேக்ஸ் பிக்கப் வேறு சங்கதி, பெயர் மட்டும்தான் ஒத்துப்போகிறது.) 300 குதிரைசக்தி, 520 பவுண்டு-அடி டார்க். அமெரிக்க பிக்கப்புகளில் ஹை பிரஷர் காமன் ரெயில் முறையை, அதாவது ரெயில் என்ற பொதுக் குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் நிறுத்தி இன்ஜெக்டர்களுக்குக் கொடுக்கும் முறையை, கொண்டுவந்த முதல் எஞ்சினும் இதுதான். பாஷ் நிறுவனத்தின் சி.பி.3 பம்ப் ரெயிலுக்குள் ஏறக்குறைய 1600 பார் வரை அழுத்தம் ஏற்றும். அன்றைக்கு அது பெரிய விஷயம். பழைய டீசல்களோடு ஒப்பிட்டால் சத்தம் குறைவு, புகை குறைவு, இழுவை அதிகம்.

ஆனால் இந்த வண்டியில் லிஃப்ட் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து டீசலை எஞ்சின் பக்கம் தள்ளும் பம்ப் அது; நம் மெக்கானிக்குகள் ஃபீட் பம்ப் என்று சொல்வார்களே, அது டேங்கிலும் இல்லை, சேஸிஸிலும் இல்லை. சி.பி.3 பம்பின் முதுகில் ஒரு சின்ன கியர் பம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவே டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்கும் டீசலை உறிஞ்சி இழுக்க வேண்டும். ஃபில்டர் அந்த உறிஞ்சு பாதையின் நடுவில், எஞ்சினின் வலது பின்மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஃபில்டர் தலையில் கையால் அழுத்தும் பிரைமர், காற்று வெளியேற்ற ஒரு ஸ்க்ரூ, குளிருக்கு ஒரு ஹீட்டர். அடியில் தண்ணீர் சென்சார். ஆக டேங்கிலிருந்து சி.பி.3 வரை முழுப் பாதையும் எஞ்சின் ஓடும்போது வேக்குவத்தில்தான் இருக்கும்.

ஃபோர்டு அப்படிச் செய்யவில்லை. 2003-இல் வந்த அதன் 6.0 லிட்டர் எஞ்சினில் சேஸிஸ் மேல் மின்சார பம்ப்போடு சேர்ந்த 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று, எஞ்சின் மேல் 4 மைக்ரான் ஃபில்டர் ஒன்று என இரண்டு கட்டம் வைத்தார்கள். அந்த எஞ்சினுக்கு வேறு தலைவலிகள் ஏராளம், அது தனிக்கதை. டீசலைத் தள்ளிவிட்டு வடிகட்டும் ஏற்பாடு மட்டும் அதில் சரியாக இருந்தது.

இன்ஜெக்டர் போன கதை

எல்.பி.7 சாலைக்கு வந்த சில ஆண்டுகளில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரிசையாகப் போகத் தொடங்கின. ஐடிலில் வெள்ளைப்புகை, காலையில் நெடுநேரம் கிராங்க் அடித்தும் பிடிக்காத எஞ்சின், சிலருக்கு எஞ்சின் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போவது. கடைசியில் சொன்னதுதான் பயமுறுத்தும் அறிகுறி. இந்த எஞ்சினில் இன்ஜெக்டர்கள் வால்வ் கவருக்கு அடியில் இருப்பதால், வெடிப்பு விட்ட இன்ஜெக்டர் கக்கும் டீசல் நேராக ஆயிலோடு கலந்துவிடும். மாற்றுவதென்றால் மேலே உள்ள பாதி சாமான்களைக் கழற்றியாக வேண்டும். எட்டும் சேர்த்தால் செலவு சில ஆயிரம் டாலர். ஜெனரல் மோட்டார்ஸே இறங்கிவந்து, 2001 முதல் 2004 வரையான எல்.பி.7 வண்டிகளின் இன்ஜெக்டர்களுக்கு 7 ஆண்டு அல்லது 2 லட்சம் மைல் என்று சிறப்புக் காப்பு (வாரண்டி) கொடுத்தது. 2004-இன் நடுவில் வந்த அடுத்த எஞ்சினான எல்.எல்.ஒய்-இல் இன்ஜெக்டர்களை வால்வ் கவருக்கு வெளியே எடுத்துவந்துவிட்டார்கள்.

ஏன் போயின? இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இன்ஜெக்டரின் உடம்பிலேயே இருந்த பலவீனம். உடம்பில் வெடிப்பு விடுவதற்கும் டீசல் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது தேய்மானம். இன்ஜெக்டருக்குள் ஒரு சின்ன உருண்டை அதன் இருக்கையில் உட்கார்ந்து எழுந்து ஊசியைக் கட்டுப்படுத்துகிறது. அந்த இருக்கை வழியாக 1600 பாரில் டீசல் பாயும்போது அதிலுள்ள நுண்தூசி உப்புத்தாள் போல அரிக்கும். அரித்த இருக்கை முழுதாக மூடாது. டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பக்கம் கசியும், ரெயிலில் அழுத்தம் ஏறாது, வண்டி கிளம்பாது. இங்கேதான் ஃபில்டருக்கு வேலை இருக்கிறது. உள்ளே ஒன்றையொன்று உரசும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத தூசிதான் அங்கே எதிரி. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று: 2 மைக்ரான்

உரிமையாளர்கள் முதலில் கை வைத்தது கேட்டர்பில்லர் கனரக எஞ்சின்களுக்காக விற்கும் 2 மைக்ரான் ஸ்பின்-ஆன் (திருகி மாட்டும்) ஃபில்டரில். ஒரு அடாப்டர், இரண்டு அடி ஹோஸ், நாலு கிளாம்ப்; அரை நாள் வேலை. விலை குறைவு, எந்தக் கேட்டர்பில்லர் டீலரிடமும் கிடைக்கும், பார்க்கவும் குண்டாக, நம்பிக்கை தருகிற மாதிரி இருக்கும்.

மைக்ரான் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில் ஒரு ஏமாற்று உண்டு. '2 மைக்ரான்' என்று டப்பாவில் போட்டிருந்தால் 2 மைக்ரான் தூசியில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். அதைச் சொல்வது பீட்டா எண். பீட்டா 2 என்றால் அந்த அளவுத் தூசியில் பாதியைத்தான் பிடிக்கும். பாதி உள்ளே போய்விடும். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம், பீட்டா 200 என்றால் 99.5 சதவீதம். ஐ.எஸ்.ஓ. 19438 போன்ற சோதனை முறைப்படி அளந்த எண்ணைப் போடாத ஃபில்டர் எத்தனை மைக்ரான் சொன்னாலும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

டீசலின் சுத்தத்தை அளக்க ஐ.எஸ்.ஓ. 4406 என்ற குறியீடு இருக்கிறது. உதாரணமாக 18/16/13 என்று எழுதுவார்கள். ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் எத்தனை என்பதை இந்த மூன்று எண்களும் சொல்கின்றன. 18 என்றால் 1300 முதல் 2500 வரை. ஒவ்வொரு எண் ஏறும்போதும் துகள் இரட்டிக்கும். அப்படியானால் 22-க்கும் 18-க்கும் இடையே 16 மடங்கு வித்தியாசம். எஞ்சின் தயாரிப்பாளர்கள் சேர்ந்து வெளியிடும் உலக எரிபொருள் சாசனம் கேட்பது 18/16/13. பங்க் டேங்கில், லாரியில், பண்ணை வீட்டுப் பழைய தொட்டியில் எல்லாம் கைமாறி வரும் டீசல் அதைவிட அழுக்காக வந்தால் ஆச்சரியமில்லை. ஆகவே நல்ல பீட்டா உள்ள 2 மைக்ரான் ஃபில்டர் போட்டவர்களின் எண்ணத்தில் தப்பில்லை. தப்பு அதை எங்கே போட்டார்கள் என்பதில் வந்தது.

வேக்குவம் கேஜ் காட்டியது

பெரும்பாலோர் அந்த ஃபில்டரைக் கம்பெனி ஃபில்டருக்கு அடுத்து, சி.பி.3-க்கு முன்னால் வைத்தார்கள். அதாவது உறிஞ்சு பக்கத்திலேயே. ஏற்கனவே ஒரு ஃபில்டர் வழியாக இழுத்துக்கொண்டிருந்த கியர் பம்ப் இப்போது இரண்டின் வழியாக இழுக்க வேண்டும். ஃபில்டர் தலைக்கும் பம்புக்கும் நடுவே ஒரு வேக்குவம் கேஜை மாட்டிப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த வண்டிக்கு எஞ்சினை முழுதாக முறுக்கும்போது 5 பாதரச அங்குலத்துக்கு மேல் வேக்குவம் ஏறினால் பாதையில் அடைப்பு என்று கொள்வது வழக்கம். புது ஃபில்டரில் முள் அதற்குக் கீழேயே நிற்கும். சில ஆயிரம் மைல் ஓடி, இரண்டு ஃபில்டரும் பாதி அடைத்த பிறகு டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேடேறிப் பாருங்கள், அப்போது தெரியும். ரெயில் அழுத்தம் கேட்ட அளவுக்கு ஏறவில்லை என்று கம்ப்யூட்டர் பி1093 கோடு போட்டு எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். நைசான ஃபில்டர் போட்ட மனிதர் மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்பார்.

கிணற்று மேட்டில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இழுப்பவருக்கும் அடியில் சப்மெர்சிபிள் இறக்கித் தள்ளுபவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மேலிருந்து இழுக்கும் மோட்டாருக்குக் காற்றழுத்தம் ஒன்றுதான் துணை; அதற்கு மேல் எத்தனை எச்.பி. இருந்தும் பயனில்லை. அந்தக் காற்றழுத்தமும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹவர் சுரங்கத்தைத் தொடும் இடம் கடல்மட்டத்திலிருந்து 3400 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சின் அதிகம் டீசல் கேட்கும் அதே ஏற்றத்தில்தான் உறிஞ்சும் பலம் குறைகிறது.

வேக்குவத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. டீசலுக்குள் சாதாரணமாகவே அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போலக் காற்று கரைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் அது குமிழியாக வெளியே வரும். கூடவே ஃபில்டர் தலையில் உள்ள ஓ-ரிங், பிரைமர், தண்ணீர் சென்சார் இவற்றில் எது லேசாகத் தளர்ந்திருந்தாலும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். உறிஞ்சு பக்கக் கசிவின் கெட்ட குணம் என்னவென்றால் ஒரு சொட்டு டீசல்கூட வெளியே தெரியாது. ராத்திரி நிறுத்திய வண்டியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பிரைமரை அழுத்தினால் மெத்தை மாதிரி அமுங்கும். எல்.பி.7 வைத்திருப்பவர்கள் இந்த ஓ-ரிங்குகளை அடிக்கடி மாற்றுவது இதனால்தான். அடாப்டர், கூடுதல் ஹோஸ், கூடுதல் கிளாம்ப் என்று சேர்க்கச் சேர்க்கக் காற்று நுழையும் வாசல்களும் கூடுகின்றன.

இரண்டாவது சுற்று: தள்ளும் பம்ப்

அப்புறம்தான் லிஃப்ட் பம்ப் வந்தது. ஃபாஸ், ஏர்டாக் போன்ற நிறுவனங்கள் சேஸிஸ் ரெயிலில் மாட்டுகிற மாதிரி பம்ப், தண்ணீர் பிரிப்பான், ஃபில்டர் மூன்றையும் ஒரே கட்டாக விற்றன. டேங்குக்கு அருகிலேயே உட்கார்ந்து எஞ்சின் பக்கம் தள்ளும்; மிஞ்சியதை டேங்குக்கே திருப்பிவிடும். இப்போது முழுப் பாதையும் அழுத்தத்தில் இருக்கிறது. நைசான ஃபில்டர் அடைக்கத் தொடங்கினாலும் பின்னாலிருந்து தள்ள ஆள் இருக்கிறது. கரைந்த காற்று வெளியே வராது. தளர்ந்த ஓ-ரிங் இருந்தால் வெளியே சொட்டும். கண்ணால் பார்த்து மாற்றிவிடலாம். ஃபில்டர் மாற்றியபின் கட்டைவிரல் வலிக்கப் பிரைமர் அடிக்கும் வேலையும் போயிற்று, சாவியைத் திருப்பினால் பம்ப் தானே நிரப்பிக்கொள்ளும்.

இன்னொரு லாபம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 300 குதிரைசக்தியை முழுதாகப் பிழிந்தாலும் இந்த எஞ்சின் மணிக்கு 60 லிட்டரை ஒட்டித்தான் எரிக்கும். சேஸிஸ் பம்ப்களோ மணிக்கு 100 கேலன், அதாவது 378 லிட்டர் என்ற கணக்கில் விற்பனையாகின்றன. மிச்சமெல்லாம் ஃபில்டரைக் கடந்து டேங்குக்குத் திரும்புவதுபோல் குழாய் அமைந்திருந்தால், டேங்க் முழுதும் திரும்பத் திரும்ப வடிகட்டப்படுகிறது. ஒருமுறை தப்பிய தூசி அடுத்த சுற்றில் மாட்டும்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதில் ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டு. சி.பி.3-க்குச் சொந்த கியர் பம்ப் இருக்கிறது. அதற்கு வாசலில் டீசல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 8 முதல் 12 பி.எஸ்.ஐ. தாராளம். சக்தியைக் கூட்டாத வண்டிக்கு 150 கேலன் பம்பும் 18 பி.எஸ்.ஐ.-யும் வீண் செலவு. உறிஞ்சலுக்காகச் செய்த பழைய ஃபில்டர் தலையின் பிரைமருக்கு அந்த அழுத்தம் தேவையில்லாத சோதனை வேறு.

தண்ணீரை எங்கே பிரிப்பது என்பதிலும் இடம்தான் முடிவு செய்கிறது. பம்பின் பற்களுக்குள் போய் அரைபட்ட தண்ணீர் மிகச் சின்னத் துளிகளாகி டீசலோடு குழம்பிவிடும்; அதற்குப் பின்னால் எந்தப் பிரிப்பானும் சிரமப்படும். ஆகவே தண்ணீர் பிரிப்பான் பம்புக்கு முன்னால், நைஸ் ஃபில்டர் பம்புக்குப் பின்னால். முன்னால் வைப்பது 30 மைக்ரான் போலக் கொரகொரப்பாக இருந்தால் உறிஞ்சலுக்கும் தடையில்லை. பின்னால் 2 அல்லது 4 மைக்ரான். என் கணக்கில் இந்த வரிசைதான் மொத்த மாற்றத்தின் சாரம். எந்தக் கம்பெனிப் பொருள் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கழற்றும்போது இழப்பவை

பழைய ஃபில்டர் தலையை அடியோடு தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அதை மாற்றுவது எரிச்சலான வேலை என்பது உண்மை. மேலிருந்து கை நுழையாது. முன் வலதுசக்கரத்தைக் கழற்றி, ஃபெண்டர் லைனரை விலக்கி, பட்டைச் சாவியை உள்ளே விட்டுத் திருப்ப வேண்டும். பழைய ஃபில்டரின் அடியிலிருந்து தண்ணீர் சென்சாரைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் சென்சார் என்பதால் கொஞ்சம் அதிகம் முறுக்கினால் விரிசல் விடும். சேஸிஸில் தொங்கும் ஃபில்டரையோ படுத்தபடியே ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.

ஆனால் தலையோடு போவது ஹீட்டரும் தண்ணீர் சென்சாரும். டெக்சாஸில் ஹீட்டர் இல்லாமல் காலம் தள்ளலாம். வடக்கு டகோட்டா, மினசோட்டா குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறையும்போது முதலில் அடைபடுவது காற்றில் தொங்கும் அந்த 2 மைக்ரான் ஃபில்டர்தான். சென்சார் போனால் எச்சரிக்கை விளக்கும் இல்லை. தண்ணீர் வந்ததை இன்ஜெக்டர்தான் சொல்லும். அதனால் கம்பெனித் தலையை இருந்த இடத்திலேயே விட்டு, அதற்கு முன்னால் சேஸிஸ் பம்பையும் ஃபில்டரையும் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். எஞ்சின் பக்க ஃபில்டர் கடைசிக் காவலாக இருக்கும். புது ஹோஸிலிருந்து உதிரும் ரப்பர் துணுக்குகூட அதில் நின்றுவிடும்.

இரண்டு நடைமுறைகளை விட்டுவிடக் கூடாது. புது ஸ்பின்-ஆன் ஃபில்டரை மாட்டுமுன் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்புவது பல மெக்கானிக்குகளின் பழக்கம். நடு ஓட்டை சுத்தமான பக்கம். அதில் ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் நேரே பம்புக்குப் போகிறது. காமன் ரெயிலில் இந்தப் பழக்கம் கூடவே கூடாது. வெறுமையாக மாட்டி, பிரைமரால் நிரப்ப வேண்டும். இரண்டாவது, லிஃப்ட் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும்போது ஃபியூஸ், ரிலே போட்டு, எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி வயர் செய்ய வேண்டும். விபத்தில் குழாய் அறுந்த வண்டியில் பம்ப் மட்டும் டீசலை ரோட்டில் கொட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

வாரண்டி போய்விடும் என்று டீலர் மிரட்டுவதைப் பற்றி: 1975-இன் அமெரிக்க மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி வெளிப்பொருள் ஒன்றை மாட்டியிருப்பது மட்டுமே வாரண்டியை மறுக்கப் போதாது, பழுதுக்கு அதுதான் காரணம் என்று காட்ட வேண்டும். ஃபில்டர் மாற்றம் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தொடுவதும் இல்லை.

பலன் யாருக்குச் சேரும்?

ஃபில்டர் போட்டபின் இன்ஜெக்டர் போகவே இல்லை என்று சத்தியம் செய்வோர் நிறைய. அவர்களில் பலர் சிறப்புக் காப்பில் எட்டு இன்ஜெக்டரும் மாற்றிய கையோடு ஃபில்டரும் போட்டவர்கள். மாற்றி வந்தவை திருத்திய இன்ஜெக்டர்கள். புதுசு நன்றாக ஓடியதற்குப் பாராட்டு ஃபில்டருக்கா, திருத்தத்துக்கா? இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டுப் பிரிக்க முடியாது. வெடிப்பு விடும் இன்ஜெக்டரை எந்த மைக்ரானும் காப்பாற்றாது என்பது மட்டும் நிச்சயம். தேய்மானத்தைத் தள்ளிப்போட ஃபில்டர் உதவும், அதற்கான பௌதிகம் தெளிவாகவே இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது என்று பார்த்தால், எல்.எல்.ஒய், எல்.பி.இசட், எல்.எம்.எம் என்று அடுத்தடுத்து எஞ்சின் வந்தும் லிஃப்ட் பம்ப் வரவில்லை. 2011-இல் வந்த எல்.எம்.எல்-இல் சி.பி.3-க்குப் பதில் சி.பி.4 பம்ப் போட்டார்கள், அப்போதும் இல்லை. அந்தப் பம்ப் உடைந்தால் உலோகத்தூளை ரெயில் முழுதும் தூவிவிடும் என்று பெயரெடுத்து நீதிமன்றம் வரை போனது. 2017-இல் எல்.5.பி எஞ்சின் வந்தபோது டென்சோ பம்ப்போடு, டேங்குக்குள் மின்சார லிஃப்ட் பம்ப் ஒன்றையும் கம்பெனியே வைத்துக் கொடுத்தது. பட்டறைகளில் 15 ஆண்டுகளாகச் செய்துவந்ததைத்தான் கடைசியில் தொழிற்சாலையும் செய்தது.

இன்றைக்கும் பழைய எல்.பி.7 கைமாறிக்கொண்டிருக்கிறது. வாங்கியவர் முதல் வேலையாக ஃபில்டர் கிட்டுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது இரண்டு. ஸ்கேனரை மாட்டி எட்டு சிலிண்டர்களின் பேலன்ஸ் ரேட்டை (ஐடில் சீராக இருக்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் கூட்டியோ குறைத்தோ விடும் டீசல் அளவு) பார்க்க வேண்டும். நியூட்ரலில் 4-ஐத் தாண்டி ஏறியோ இறங்கியோ நிற்கும் சிலிண்டர் இருந்தால் அந்த இன்ஜெக்டர் மேல் சந்தேகம். அடுத்து ரிட்டர்ன் குழாயைக் கழற்றிக் கசிவை அளக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், ஒரு வேக்குவம் கேஜை மாட்டி டிரெய்லரோடு ஒரு மேடு ஏறி வரட்டும். முள் 5-ஐத் தொட்டால் முதலில் ஓ-ரிங், ஹோஸ், டேங்குக் குழாய் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு லிஃப்ட் பம்புக்குப் போகலாம். ரிட்டர்ன் ஏற்கனவே அதிகம் என்றால் ஃபில்டர் காசை இன்ஜெக்டருக்கு ஒதுக்கி வைப்பது நல்லது.